உம் கொட்டியதற்கு மதிப்பெண்

அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டி இருந்த அறைக்குள் போக வேண்டுமென்றால் செருப்பைக் கழற்ற வேண்டும். தங்கள் துக்கத்தைச் சொல்ல வந்தவர்கள் செருப்போடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். கழற்றச் சொல்லி அவர்களை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. பெட்டிக்கு ஏ.சி. பெட்டிக்கு அரக்கு நிறத்தில் திரைச்சீலை. பெட்டிக்குப் பூப்போட்ட உறை, வெள்ளிக்கிழமை சந்தனம், ஆயுத பூஜைக்கு மாலை. மனிதர்களுக்கு ஒரு மின்விசிறி. அது சுற்றியதைவிட முனகியது அதிகம். அதன் முனகலையும் அடியில் உட்கார்ந்திருந்தவர்களின் முனகலையும் பிரித்துக் கேட்க அங்கே யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ராஜபாளையத்தில், ஒரு நூல் கிடங்கின் மேல்மாடியில் நடந்த கூத்து இது. கீழே மூட்டை மூட்டையாக நூல். மேலே ஓர் அறக்கட்டளை. மில்லுக்குப் போகிற பெண்கள், குடிகாரர்களின் மனைவிகள், பரீட்சையில் தோற்ற பிள்ளைகள், இவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்ல ஆட்களைத் தயார் செய்கிறோம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். பலகையில் 'ஆற்றுப்படுத்துநர் பயிற்சி' என்று இருந்தது. ஊர் அதை எழுத்துக்கூட்டி வாசிக்க மெனக்கெடவில்லை. 'கவுன்சிலிங் மாடி' என்று பெயர் வைத்துவிட்டது.

நான் ஏன் அங்கே போனேன்? எனக்கு எந்த இடத்திலும் கால் தரிக்காது. எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் டைப்ரைட்டிங் படித்து ஹையர் முடித்தேன். பள்ளிக்கூடம், வக்கீல் ஆபீஸ், ஜவுளிக்கடை என்று கிடைத்த நாற்காலியிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தேன். மில் சங்கு ஊதினால் ஊரே ஒரு திசையில் நடக்கும். எனக்கு மட்டும் எதிர்த்திசையில், மேற்கே, மலை நீலமாய்க் கிடக்கிற பக்கம் போகத் தோன்றும். கவிதை என்று சிலதை எழுதியும் வைத்திருந்தேன். மனிதர்கள் பேசுவதைக் கேட்க ஒரு வேலை உண்டு, அதற்குச் சம்பளமும் உண்டு என்று யாரோ சொன்னதும் மயங்கிவிட்டேன். கேட்கிற வேலை ஒன்றுதான் அந்த மாடியில் கிடையாது என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் எல்லாருக்கும் மேலே ஒரு டைரக்டர். உள்ளூர்க்காரர்தான். வடக்கேயும் வெளிநாட்டிலும் பல வருஷம் இருந்துவிட்டு, நெற்றிமேல் ஏற்றிவிட்ட கண்ணாடியும் ஒரு டப்பா ஃபிளாப்பியுமாகத் திரும்பியிருந்தார். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், பெட்டியைப் பற்றிப் பேசும்போது இங்கிலீஷ். மூன்று பாஷையிலும் அவருக்குப் பேசத் தெரியும்; ஒன்றிலும் கேட்கத் தெரியாது. "எப்படிம்மா இருக்கீங்க?" என்பார். நாம் வாயைத் திறப்பதற்குள் அடுத்தவரிடம் அதே கேள்வியோடு நிற்பார். அப்பேர்ப்பட்டவர்தான் பிறர் துயரத்துக்குச் செவி கொடுப்பது எப்படி என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எங்களுக்கு விளக்கினார்.

"மனுஷன் மார்க் போட்டா பட்சபாதம் வரும். மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது பாருங்க," என்று அடிக்கடி சொல்வார்.

கிடையாதுதான். காதும் கிடையாது.

ஏற்பாடு இப்படி. சின்னக் கண்ணாடி பதித்த பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் துக்கக்காரர், எதிரே பயிற்சியில் இருப்பவர், நடுவில் ஒரு மைக். தடுப்புக்கு இந்தப் பக்கம், குளிரில், பெட்டி. அதன்முன் எங்களில் ஒருவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, உள்ளே பயிற்சிக்காரர் என்ன செய்கிறாரோ அதற்குரிய எண்ணைத் தட்ட வேண்டும். கேள்வி கேட்டால் ஒன்று. புத்தி சொன்னால் இரண்டு. மேலே பேசும்படி ஊக்கப்படுத்தினால் மூன்று. அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொன்னால் நான்கு. கொஞ்ச நேரம் ஒன்றும் தட்டாமல் விட்டால், பெட்டி தன்பாட்டுக்கு ஐந்து என்று எழுதிக்கொள்ளும். ஐந்து என்றால் மௌனம். மூன்றும் நான்கும் விழ விழத் திரையில் பச்சைத் தூண் ஒன்று வளரும். மற்றவற்றுக்குச் சிவப்புத் தூண். நேரம் முடிந்ததும் பிரிண்டர் கறகறவென்று நூற்றுக்கு இவ்வளவு என்று துப்பும்.

"அழுதா எத சார் அமுக்கணும்?" என்று முதல் வாரம் கேட்டேன்.

"கிளையன்ட் அழுதா அது கிளையன்ட் பிஹேவியர். அது நமக்கு வேண்டாம்மா."

"நாம அழுதா?"

ஈரச் செருப்போடு அறைக்குள் வந்துவிட்டவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

ஊக்கப்படுத்துவது என்றால் தலையை ஆட்டலாம், முகத்தைக் கனிவாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் தலை ஆடுவது மைக்கில் கேட்காது. அதனால் மூன்று என்றால் 'உம்' என்று சீக்கிரமே ஆகிப்போனது. அங்கேதான் எங்கள் ஊர் தன் கைவரிசையைக் காட்டியது.

அந்த ப்ரோகிராமை எழுதியவர்களின் தேசத்தில் ஒருவர் பேசினால் மற்றவர் எப்போதாவது ஒருமுறை தொண்டைக்குள் 'ம்ம்' என்பாராக இருக்கும். எங்களுக்கு அது மூச்சு. இந்தப் பக்கத்தில் உம் கொட்டாமல் எவரிடமிருந்தும் ஒரு வாக்கியம் வாங்க முடியாது. கதை சொல்லச் சொன்னால், உம் கொட்டுவாயா என்று கேட்டுக்கொண்டுதான் தொடங்குவார்கள். பஸ்ஸில் உம். ரேஷன் வரிசையில் உம். எஸ்.டி.டி. பூத்துக்குள் வேர்த்துக் கொட்டியபடி, சிவப்பு எண்கள் ஓட ஓட, உம், உம், உம். ஆனால் உம் கொட்டுகிறவர் கேட்கிறார் என்று இங்கே பச்சைப்பிள்ளை கூட நம்பாது. கடுகு வெடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே என் அம்மா, பக்கத்து வீட்டுக்காரியின் பேறுகாலத்துக்கு ஆதி முதல் அந்தம் வரை உம் கொட்டியிருக்கிறாள். பிறந்தது ஆணா பெண்ணா என்று மறுநாள் என்னிடம் கேட்டாள். உம் என்றால், நீ பாட்டுக்குப் போ, நான் பாட்டுக்கு என் ஜோலியைப் பார்க்கிறேன் என்று அர்த்தம். மெய்யாகவே காது கொடுத்துவிட்டால் உம் நின்றுபோகும். வாய் பாதி திறந்தபடி அப்படியே இருந்துவிடும்.

இது மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். டைரக்டரும் இந்த ஊர்ச் சோற்றைத் தின்று வளர்ந்தவர்தான். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல வச்சிருக்காங்கன்னா தெரியாமலா வச்சிருப்பாங்க?" என்பதோடு எல்லாருக்கும் புத்தி நின்றுவிட்டது. சீக்கிரமே எல்லாரும் தொண்ணூறைத் தாண்டினார்கள். உள்ளே துக்கம் ஒரு பக்கம் ஓடும். இவர்கள் உம் ஒரு பக்கம் ஓடும். இரண்டும் தண்டவாளம் மாதிரி எங்கேயும் சந்திக்காமல் போய்க்கொண்டே இருக்கும். திரையில் பச்சைத் தூண் கூரையை முட்டும்.

"நேச்சுரல் எம்பதி! இந்த மண்ணுல பொறந்தவங்களுக்கு ரத்தத்துலயே இருக்கு!" என்று டைரக்டர் அறிக்கை எழுதி எங்கெங்கோ அனுப்பினார்.

அதில் மன்னன் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர். பென்ஷன் வருகிறது, சொந்த வீடு இருக்கிறது. வீட்டில் சும்மா இருந்தால் மருமகள் மதிப்பதில்லை என்று பயிற்சிக்கு வந்தவர். முதலில் வாயைத் திறந்தாலே புத்திமதி. சிவப்புத் தூணை அவரே தனியாக வளர்த்தார். பிறகு ஒருநாள் டீ குடிக்கும்போது என்னிடம் கண்ணைச் சிமிட்டினார்.

"ஏம்மா, சூட்சுமம் பிடிபட்டுப் போச்சு. வாயத் தொறந்தாத்தானே புத்தி சொல்லிப்புடுதோம்? மூடிக்கிட்டே சத்தம் குடுத்தாப் போதும், எரும கணக்கா."

அன்றிலிருந்து எருமைதான். ஏற்றி ஒரு உம், இறக்கி ஒரு உம், இழுத்து ஒரு உம். ஒரு மத்தியானம், பெட்டியின் முன்னால் நான் இருந்தேன். உள்ளே ஒரு மில் தொழிலாளி, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, தன் பிள்ளைக்கு வலிப்பு வருவதைச் சொல்லிக்கொண்டிருந்தார். உம்முக்கு நடுவே ஹெட்ஃபோனில் வேறொரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சார் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை ஒன்று, உம் ஒன்று, முறை தவறாமல். எழுப்பப் போனேன். டைரக்டர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். அன்றைக்குத் தொண்ணூற்றாறு.

தேறாமல் போனது ஒருத்திதான். சேத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். என் வயசு. அவள் புருஷன் ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். குடித்தால் அடிப்பான், குடிக்கக் காசில்லாவிட்டால் அதற்காக அடிப்பான். அவளுடைய இடது தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியிருக்கும். அந்தப் பக்கத்து ரவிக்கைக் கை எப்போதும் சுருங்கிக் கிடக்கும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். அண்ணன் கெட்டவன் இல்லை. அதைவிட மோசம், ஊர் என்ன சொல்லும் என்று காது வைத்தே நடக்கிறவன். "தை பெறக்கட்டும், நானே கொண்டு போய் விட்டுட்டு வாரேன். இல்லையா, ஒரு வேல கீலன்னு காமி, பொறவு பாப்போம்," என்று கெடு வைத்திருந்தான்.

வேலை ஒன்று இருக்கத்தான் செய்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அறக்கட்டளை ஒரு மையம் திறக்கப் போகிறது. அதற்கு ஒரே ஓர் ஆள் வேண்டும். சம்பளம் உண்டு, மையத்துக்குப் பின்னால் தங்க ஓர் அறை உண்டு. கடைசி மதிப்பீட்டில் பெட்டி யாருக்கு அதிகம் போடுகிறதோ அவருக்கு அந்த இடம். கிடைத்தால் அந்த அறை. கிடைக்காவிட்டால் தை மாசம், லாரிக்காரன் வீடு. அவளுக்கு எதிரே இருந்தது அவ்வளவுதான்.

ஆனால் அவளுக்கு உம் வராது. எதிரே இருப்பவரின் கைகளைப் பார்த்தபடி ஆணியடித்த மாதிரி உட்கார்ந்திருப்பாள். பெட்டி ஐந்து, ஐந்து, ஐந்து என்று எழுதித் தள்ளும். முப்பதைத் தாண்டியதில்லை. "யூ ஆர் டூ பேசிவ்மா" என்று டைரக்டர் எல்லார் முன்னாலும் சொல்வார். உட்காரத் தெரியாத மனுஷன் உட்காரத் தெரிந்தவளைப் பார்த்துச் சொன்னது அது.

படிக்கட்டில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் அவளோடு மல்லுக்கட்டுவேன்.

"ஏட்டி, ஒரு உம்மு. எச்சியத் துப்புற மாதிரி ஒரு உம்மு. அதுல என்ன கேடு ஒனக்கு?"

"வர மாட்டேங்குட்டி."

"வராம என்ன? எங்கிட்டப் பேசும்போது மட்டும் கொட்டோ கொட்டுன்னு கொட்டுத?"

"நீ சொல்லுதத எவ கேக்கா?"

சிரித்தோம். புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு டிபன் டப்பாவை மூடினாள். பிறகு, யாரோ மூன்றாம் மனுஷியின் சங்கதியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அடிச்சி முடிச்சிட்டு அவன் வந்து உக்காந்துக்கிடுவான். அவன் கஷ்டத்தயெல்லாம் சொல்லுவான். அம்புட்டுக்கும் நான் உம் கொட்டணும். கொட்டுறத நிறுத்துனா மறுபடி எந்திரிப்பான். அங்கனயே தீந்து போச்சுட்டி எனக்கு, அந்த உம்மு."

கீழே கிடங்கில் யாரோ மூட்டையை இறக்கினார்கள். நூல் தூசி படிக்கட்டு வெளிச்சத்தில் ஏறி வந்தது. இதற்கு அந்தப் பெட்டியில் எந்த எண் என்று யோசித்தேன். அதன்மேல் எனக்கு முதல்முறையாகக் கோபம் போய் அருவருப்பு வந்தது.

கடைசி மதிப்பீட்டுக்கு எல்லாருக்கும் ஒரே துக்கம் வேண்டும் என்றார் டைரக்டர். ஆளுக்கு ஒரு துக்கம் கொடுத்தால் சுலபமான துக்கம் கிடைத்தவர் அதிக மார்க் வாங்கிவிடுவாராம். அதற்கென்று கான்சாபுரத்து அம்மா ஒருவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். கட்டிக்கொடுத்த மகள் பிறந்த ஊருக்கு வந்த இடத்தில் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். மனசு ஆறாமல் எவரோ சொன்னதைக் கேட்டு மாடி ஏறி வந்தவளை, ஆறவிடாமல் நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். பஸ் சார்ஜ், காபி, இரண்டு வடை. அதற்கு அவள் வாராவாரம் வந்து எங்களில் ஒவ்வொருவர் முன்னாலும் மகள் செத்ததைச் சொல்ல வேண்டும்.

முதலில் நாக்குக் குழறியது, பாதியில் எழுந்து போனாள். போகப் போகக் கதை வழுவழுவென்று ஆகிவிட்டது. மகள் தண்ணி இறைக்கப் போனாள், நிறுத்துவாள், உம் விழும். கிணற்றுப் படியெல்லாம் பாசி, நிறுத்துவாள், உம். கயிறு நனைந்திருந்தது, உம். வழுக்கிவிட்டது, உம். உரலில் இரண்டு பேர் உலக்கை மாற்றிப் போடுகிற தாளம் வந்துவிட்டது. பெற்றவளின் வயிற்றெரிச்சலைத் தேய்த்துத் தேய்த்துக் கூழாங்கல்லாக்கிக் கையில் கொடுத்த பெருமை அந்த மாடிக்கே உரியது. டைரக்டருக்குப் பரம சந்தோஷம். "நல்லா ஸ்டாண்டர்டைஸ் ஆயிட்டாங்க," என்றார்.

மதிப்பீட்டு நாளில் மதுரையிலிருந்து இரண்டு பேர் காரில் வந்தார்கள். பணம் கொடுக்கிற இடத்துப் பிரதிநிதிகள். ஷூவைக் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு பெட்டியைச் சுற்றி வந்தார்கள். அவர்களுக்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வந்திருந்தது. வேகமாகத் தட்டுவேன் என்பதால் அன்றைக்குப் பெட்டியின் முன்னால் என்னை உட்கார்த்தியிருந்தார்கள். என்னை அந்த வேலைக்கான பந்தயத்திலிருந்து எப்போதோ கழித்துக் கட்டியாயிற்று. அதிகம் கேள்வி கேட்கிறேனாம்.

தலைமையாசிரியர் தொண்ணூற்றெட்டு வாங்கிவிட்டு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். கடைசியாகச் சேத்தூர்க்காரி உள்ளே போனாள். கான்சாபுரத்தம்மா காலையிலிருந்து அதே நாற்காலியில் இருந்தாள். வந்தவர்களும் டைரக்டரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தூண்கள் தெரியும். ஹெட்ஃபோன் என் காதில் மட்டும்தான்.

"எம்மவ தண்ணி எறைக்கப் போனா, தாயி." நிறுத்தினாள்.

உம் விழவில்லை. மின்விசிறியின் முனகல் மட்டும். திரையில் ஐந்து.

"கெணத்துப் படியெல்லாம் பாசி."

ஐந்து.

"கயிறு நனஞ்சிருந்துச்சு."

ஐந்து. சிவப்புத் தூண் ஏறியது. எனக்குப் பின்னால் டைரக்டர் உச்சுக்கொட்டினார்.

"ஏத்தா, கேக்கியா இல்லியா?"

"கேக்கேன் பெரியம்மா."

"பொறவு என்ன, கல்லு மாதிரி இருக்க?"

அந்த அம்மா கதையை மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். தண்ணி இறைக்கப் போனாள் என்றாள். அடுத்த காலை வைக்கப் படி அகப்படவில்லை. உம் இருந்தால் அதன்மேல் ஏறி அடுத்ததற்குப் போய்விடுவாள். இங்கே படியே இல்லை, மொட்டைச் சுவர். திரையில் ஐந்துமேல் ஐந்து விழுந்தது. "நெகட்டிவ், டோட்டலி நெகட்டிவ். நிறுத்திரலாமா சார்?" என்று டைரக்டர் வந்தவர்களைக் கேட்பது, ஹெட்ஃபோனைத் தாண்டி மங்கலாகக் கேட்டது.

அப்போது அந்த அம்மாவின் குரல் வேறாக வந்தது. பழைய, குழறுகிற குரல்.

"பாசி இல்லத்தா. கெணறு காஞ்சுல்லா கெடந்துச்சு. தண்ணியே கெடையாது அதுல."

என் விரல்கள் எண்களுக்கு மேலேயே நின்றுவிட்டன.

"காலைல பஸ்ஸுல வந்து எறங்குனா. ஒதடு கிழிஞ்சிருந்துச்சு. நான் ஒரு வா தண்ணி குடுக்கல. பொம்பளன்னா முன்னப்பின்ன அப்பிடித்தான் இருக்கும், போன்னு அடுத்த வண்டில ஏத்தி விட்டேன். போவல அவ. பாதில எறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கா. வீட்டுக்கு வரல. நேரா கெணத்துக்குப் போயிட்டா."

நாற்காலி தரையில் உரசுகிற சத்தம். துணி சரசரத்தது. தடுப்பின் கண்ணாடி வழியே பார்த்தேன். சேத்தூர்க்காரி நாற்காலியை விட்டிறங்கி, தரையில், அந்த அம்மாவின் முழங்காலோரம் உட்கார்ந்திருந்தாள். பயிற்சிக்காரர் தரையில் உட்கார்ந்தால் அதற்கும் எண் கிடையாது.

"நீ ஏத்தா அழுவுத?" என்று அந்த அம்மா கேட்டாள். கை அவள் தோளில் கிடந்தது. கைக்குத் தெரிந்துவிட்டது போல. "தோளு என்ன செஞ்சுச்சு?"

பிறகு, மாதக்கணக்கில் பிறர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவள் வாயைத் திறந்தாள்.

"கட்டுன ஆளு அடிச்சுச் சவ்வு அந்து போச்சு பெரியம்மா."

"உம்."

அந்த முதல் உம்முக்கு என் விரல் பழக்கத்தில் தானாகப் போய் மூன்றைத் தட்டிவிட்டது. பச்சை ஒரு சொட்டு ஏறியது. உம் கொட்டியது துக்கக்காரர், அதற்கு மார்க் கிடையாது, அது எனக்குத் தெரியும். இரண்டாவது உம்முக்கு விரலை நான் அனுப்பினேன்.

"லாரிச் சத்தம் கேட்டாலே எனக்கு ஒடுங்கிப் போவுது. கால் ஈரமாயிருது."

"உம்."

மூன்று.

"அண்ணங்கிட்டத் தோளக் காமிச்சேன். மூடு, மூடுன்னுட்டான்."

"உம்."

மூன்று.

"தை பெறந்தாக் கொண்டு போய் விட்டுருவாக. அவியளுக்கு ஊருக்குப் பதில் சொல்லணுமாம்."

"உம்."

அதுவரை அந்த மாடியில் நான் கேட்ட உம்களெல்லாம் ஆளைத் தள்ளிவிட்டவை, போ போ என்றவை. இது கிணற்றுக்குள் கயிறு விட்டு இழுப்பதுபோல இருந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தட்டினேன். மழை ஓட்டில் விழுகிற மாதிரி, ஒரு உம்முக்குப் பத்தாக, பழைய சிவப்பெல்லாம் மூழ்கிப்போகும்படி மூன்று, மூன்று, மூன்று. கண் மறைத்தது. டைப்ரைட்டிங் படித்த விரலுக்குக் கண் வேண்டியதில்லை.

"பிக்கப் ஆவுது பாருங்க சார்! எம்பதி! சடார்னு எப்படி ஏறுது பாருங்க!" என்று டைரக்டர் துள்ளினார். வந்தவர்களில் ஒருவர் வாய் நிறையப் பால்கோவாவோடு "எக்ஸலன்ட்" என்றார். ஒரு துணுக்கு என் தோளில் விழுந்தது. சாவைப் பற்றியும் சவ்வு அறுந்ததைப் பற்றியும் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்க, மூன்று ஆண்கள் ஒரு பச்சைத் தூணைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ அசிங்கங்களைப் பார்த்துவிட்டேன். அந்தக் கைதட்டலுக்குப் பக்கத்தில் வைக்க இன்னொன்று அகப்படவில்லை.

கடைசியில் அந்த அம்மா சொன்னாள்: "போவாதத்தா. எவன் கூப்புட்டாலும் போவாத. எங்கன கெடந்தாலும் கெட, அங்க போவாத."

புத்தி சொன்னால் இரண்டு. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பிரிண்டர் கறகறத்தது. தொண்ணூற்றொன்பது.

தலைமையாசிரியர் கதவிலிருந்தே கத்தினார். "சார், மெஷின் ரிப்பேரு! அந்தப் பிள்ளைக்கு உம்மே வராது சார்! எல்லாருக்கும் தெரியும்!"

டைரக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பக்கத்தில் பணம் கொடுக்கிறவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். பெட்டி பொய் சொல்கிறது என்றால் இதுவரை அனுப்பிய அறிக்கை எல்லாம் பொய். "மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது சார்," என்றார். தலைமையாசிரியர் கதவை விட்டு விலகிக்கொண்டார். அந்த மெஷின்தான் அவர் தூங்கியதற்கும் மார்க் போட்டது.

இரண்டு பேரும் முகம் வீங்கி வெளியே வந்தார்கள். டைரக்டர் அவளுக்குக் கைகொடுத்தார். "கடைசிப் பத்து நிமிஷம் பின்னி எடுத்துட்டீங்கம்மா. இதத்தான் நான் முதல்லருந்து சொல்லிட்டு இருந்தேன்." கான்சாபுரத்தம்மாவின் கையில் வடைப் பொட்டலத்தைக் கொடுத்து, "இனிமே வர வேண்டாம்மா, ப்ராஜெக்ட் முடிஞ்சுது," என்றார். அந்த அம்மா பொட்டலத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பொட்டலத்தை அவர் மேஜைமேல், பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் படியிறங்கினாள். எண்ணெய் காகிதத்தைத் தாண்டி மேஜை விரிப்பில் ஊறியது. 

படிக்கட்டில் சேத்தூர்க்காரி என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, என்னத்தத் தட்டித் தொலச்ச?"

"ஒம் பெரியம்மாவுக்கு மார்க் போட்டேன். அது ஒங்கணக்குல விழுந்துருச்சு."

அவள் சிரிக்கவில்லை. "அவுக ஒருத்திதானட்டி கேட்டாக," என்றாள்.

தை பிறந்தபோது அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த அறையில் இருந்தாள். எனக்கு வழக்கம்போலக் கால் தரிக்கவில்லை. மாடியை விட்டு அந்த மாதமே கிளம்பிவிட்டேன். ஒருநாள் அவளைப் பார்க்க மையத்துக்குப் போனேன். அங்கேயும் ஒரு பெட்டி வந்து இறங்கியிருந்தது; உறையைக் கழற்றாமல் அதன்மேல் துவைத்த துண்டைக் காயப் போட்டிருந்தாள். உள்ளே கான்சாபுரத்தம்மா உட்கார்ந்திருந்தாள். பஸ் சார்ஜ் யாரும் கொடுக்கவில்லை, தானாக வந்திருந்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பெட்டியாக இருந்தால் ஐந்து ஐந்தாக எழுதியே சலித்திருக்கும்.

அவளுடைய அண்ணனைப் பற்றிக் கேட்டேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். நானே ஒருமுறை சேத்தூருக்குப் போயிருந்தபோது பார்த்தேன். அந்த மனுஷன் என்னை உட்காரவைத்து, காபி கொடுத்து, தங்கச்சியைப் பற்றி வாய் ஓயாமல் பேசினான். "இனி அவள எவன் வந்து கூப்புட்டாலும் அனுப்ப மாட்டேன். ஊருல எவனும் கேட்டா இதத்தான் காட்டுதேன். கம்ப்யூட்டரே சொல்லிருச்சுல்லா!" என்று சுவரைக் காட்டினான். சாமி படங்களுக்கு நடுவில், லேமினேட் செய்து, சட்டம் போட்டு, ஓரத்தில் சந்தனமும் வைத்து, அந்தப் பிரிண்டர் தாளை மாட்டியிருந்தான். தங்கச்சி காட்டிய தோளை மூடு மூடு என்றவன், அந்தத் தாளில் தூசி விழுந்திருந்ததைத் தன் துண்டால் ஒற்றி எடுத்தான். அதில் இருந்த தொண்ணூற்றொன்பதில் அவளுடைய உம் ஒன்றுகூட இல்லை. நான் சொல்லவில்லை. அவன் பேசப் பேச, எங்கேயோ பார்த்துக்கொண்டு, அவனுக்கு உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.